அம்மாவுக்கு ஒரு கண்ணுல பிரஷர் 54, நல்லா இருக்கற கண்ணுக்கும் லேசர் போடணும்ங்கறாங்க, போடலாமா?

வலைக்காரன் | செவ்வாய், இரவு 10.40

வணக்கம் மக்களே. நான் காசிமேடு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க, வீட்டுல ரெண்டு நாளா ஒரே சண்டை.

எங்கம்மாவுக்கு 57 வயசு. சுகர் இல்ல, பிபி லைட்டா இருக்கு. ஆர்பர்ல விடியக்காலைல ஏலத்துல மீன் எடுத்து விக்கறாங்க, முப்பது வருஷமா அதான் தொழில். ரெண்டு மாசமா அப்பப்ப ஒண்ணு சொல்லிகினு இருந்தாங்க, "லைட்டை பாத்தா சாமி படத்துல தலைக்கு பின்னாடி இருக்குமே அந்த மாதிரி கலர் கலரா வளையம் தெரியுதுடா"ன்னு. ஆர்பர்ல பனியா இருக்கும்மான்னு விட்டுட்டேன். அதுக்கேத்த மாதிரி தூங்கி எந்திரிச்சா சரியாயிடும், அவங்களும் மறந்துடுவாங்க.

போன வாரம் நைட்டு ஒன்பது மணிக்கு எங்க தெருவுல கரண்ட் போயி ஒன்றரை மணி நேரம் வரல. இருட்டுல உக்காந்திருந்தவங்க திடீர்னு வலது பக்கம் நெத்தி, கண்ணு, தாடை வரைக்கும் தெறிக்குதுன்னாங்க, அப்புறம் வாந்தி, நாலு தடவ. பக்கத்துல ஒரு கிளினிக்குக்கு இட்டுனு போனேன். கேஸ் பிராப்ளம், மத்தியானம் இன்னா சாப்டீங்கன்னு கேட்டு வாந்திக்கு ஒரு ஊசி, வயித்து வலிக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. கண்ணைப் பத்தி யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல, வாந்தி எடுக்கறப்ப கண்ணு செவக்கறது சகஜம்தானேன்னு. மறுநாள் கண்ணு ரத்தச் செவப்பு. மெடிக்கல்ல கேட்டேன், மெட்ராஸ் ஐ ஏரியா பூரா சுத்துதுண்ணா, இத ஊத்துங்கன்னு ஒரு டிராப்ஸ்.

மூணாவது நாள் காலைல அம்மா கண்ணாடில பாத்துட்டு என்னக் கூப்ட்டாங்க. "டேய், ஐஸ்ல ரெண்டு நாள் கெடந்த வவ்வா மீனு கண்ணு மாதிரி ஆயிடுச்சுடா"ன்னாங்க. நிஜமாவே அப்டிதான் இருந்துச்சு, கருவிழி மேல பால் ஊத்துன மாதிரி மங்கலா. இடது கண்ணை மூடிக்கினு பாத்தா என் கை ஆடறது மட்டும்தான் தெரியுதுன்னாங்க. அன்னிக்கேதான் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். வலது கண்ணு பிரஷர் 54, இடது 17. குளோகோமா, அதாவது கண்ணு பிரஷர் ஏறி பார்வை நரம்ப கெடுக்கற வியாதி, அதுல கோண அடைப்பு வகைன்னு சொல்லி ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்துனாங்க, மாத்திர, மூணு வகை சொட்டு மருந்து. சாயந்திரத்துக்குள்ள 28 ஆச்சு, மறுநாள் 18. கண்ணு தெளிஞ்சதும் லேசர் போட்டாங்க. இப்ப அந்தக் கண்ணுல போர்டுல மூணாவது வரி வரைக்கும் படிக்கறாங்க.

இப்ப பிரச்சன இன்னான்னா இடது கண்ணுக்கும் லேசர் போடணுமாம். அம்மா முடியாதுன்னுட்டாங்க. நல்லா இருக்கற கண்ணுல எவனாவது ஓட்ட போடுவானாங்கறாங்க. பெரியம்மா வேற காசு புடுங்கறாங்கன்னு ஏத்தி உட்டுகினு இருக்கு. நமக்கும் ஒரு டவுட்டு இருக்கத்தான் செய்யுது, 17ன்னா நார்மல்தானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தண்டையார்பேட்டை_ஷீலா | செவ்வாய், இரவு 11.15

போட்டுடுங்க தம்பி. முதல்ல அத சொல்லிட்றேன், மீதி அப்புறம்.

எங்க மாமியாருக்கு அச்சு அசலா இதே கததான். பதினோரு வருஷம் முன்னாடி ஒரு கண்ணுல வந்து காப்பாத்திட்டாங்க, இன்னொரு கண்ணுக்கும் ஒரு வாரத்துல வாங்கன்னாங்க. நாங்க போகல. நாத்தனார் கல்யாணம், அப்புறம் கொழுந்தனார் வீடு கட்றது, அப்புறம் ஆடி மாசம் வேணாம், இப்டியே ரெண்டு வருஷம் போச்சு. அந்தக் கண்ணுல வந்தப்ப நாங்க ஊர்ல ஒரு சாவுக்கு போயிருந்தோம், அழுது அழுது கண்ணு செவந்துச்சு தலைவலின்னு எல்லாரும் நெனச்சோம், அவங்களும் அப்டித்தான் நெனச்சாங்க. சென்னை வந்து டாக்டர்ட்ட காட்டறப்ப நாலு நாள் ஆயிடுச்சு. நரம்பு போச்சுன்னுட்டாங்க. போன பார்வை வராதுங்கறத அந்த டாக்டரம்மா மூணு தடவ வேற வேற மாதிரி சொன்னாங்க, எங்க வீட்டுக்காரர் மூணு தடவையும் "ஆபரேஷன் பண்ணா?"ன்னு கேட்டாரு.

இப்ப அவங்களுக்கு முதல்ல வந்த கண்ணு மட்டும்தான், அதுவும் ஓரத்துல சரியா தெரியாது. காபி ஊத்தும்போது ஆள்காட்டி விரல டம்ளர் விளிம்புல உள்ள விட்டுக்குவாங்க, சூடு விரல்ல பட்டா நிறுத்துவாங்க. தெனம் அத பாக்கறேன். நல்லா இருக்கற கண்ணுக்குதாம்பா லேசர் போடணும், கெட்டுப்போன பொறவு எதுக்கு?

கண்ணாடிக்கடை | புதன், காலை 7.05

நான் ஆப்டோமெட்ரி படிச்சவன், மிண்ட் பக்கம் கண்ணாடிக் கடை. டாக்டர் இல்ல, ஆனா பிரஷர் பாக்கறது, கோணம் பாக்கறது எல்லாம் தெனம் பண்ண வேல.

அம்மாவுக்கு புரியற மாதிரி சொல்றேன், நீங்க அவங்ககிட்ட இப்டியே சொல்லுங்க. கண்ணுக்குள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம் சுரந்துகிட்டே இருக்கும். கண்ணீர் இல்ல, அது வெளிய, இது உள்ள. கருவிழிக்குப் பின்னாடி ஐரிஸ்னு ஒரு திரை இருக்குல்ல, நடுவுல பாப்பா, அந்தத் திரைக்கு பின்னாடி சுரந்து, பாப்பா வழியா முன்னாடி வந்து, ஓரத்துல திரையும் கருவிழியும் சேர்ற மூலைல இருக்கற சல்லடை வழியா வடிஞ்சிடும். அந்த மூலையத்தான் கோணம்ங்கறாங்க. சில பேருக்கு கண்ணே கொஞ்சம் சின்னது, உள்ள இருக்கற லென்ஸ் வயசாக ஆக தடிச்சுகிட்டே வரும். அப்ப லென்ஸும் திரையும் ஒட்டிக்கிட்டு தண்ணி முன்னாடி வர முடியாம பின்னாடியே தேங்கும். தேங்குனா? கட்டுமரத்துப் பாய் காத்துல உப்புமே அந்த மாதிரி திரை முன்னாடி உப்பிகிட்டு போயி மூலைய அடைச்சுடும். வடிய வழியில்ல, சுரக்கறது நிக்கல, பிரஷர் ஏறுது. நார்மல் 10ல இருந்து 21. அம்மாவுக்கு 54. அந்த அழுத்தத்துல கருவிழிக்குள்ள தண்ணி ஏறி மங்கிடும், அதான் அவங்க சொன்ன மீன் கண்ணு. இத விட சரியா எந்தப் புஸ்தகத்துலயும் நான் படிச்சதில்ல, நல்ல மீனா பழைய மீனான்னு கண்ணப் பாத்தே சொல்றவங்களாச்சே.

லேசர் என்ன பண்ணுதுன்னா அந்தப் பாய்ல ஓரமா ஒரு சின்ன ஓட்ட. கால் மில்லிமீட்டர் கூட இருக்காது. ஓட்ட விழுந்த பாய் உப்புமா? அம்மாகிட்ட கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க.

17 நார்மல்தான், சந்தேகமே இல்ல. ஆனா கண்ணு ரெண்டும் ஒரே அச்சு. இன்னிக்கு மூலை தொறந்திருக்குங்கறதுதான் 17க்கு அர்த்தம், நாளைக்கும் தொறந்திருக்கும்னு இல்ல. ஒரு கண்ணுல அட்டாக் வந்து இன்னொன்ன சும்மா விட்டா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள அதுலயும் வருதுன்னு பழைய காலத்துலேர்ந்தே கணக்கு இருக்கு, அதனாலதான் இந்த விஷயத்துல உலகம் பூரா எல்லா டாக்டரும் ஒரே பேச்சு பேசறாங்க. காசுக்காக இல்ல.

கரண்ட் கட்டுக்கும் காரணம் இருக்கு. இருட்டுல பாப்பா விரியும், பாதி விரிஞ்சு நிக்கறப்பதான் திரையும் லென்ஸும் நல்லா ஒட்டும். தூங்கறப்ப பாப்பா சுருங்கிடும், அதனாலதான் ரெண்டு மாசமா தூங்கி எந்திரிச்சா சரியாச்சு. அந்த வளையமெல்லாம் சின்னச் சின்ன அட்டாக்குதான்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | புதன், காலை 8.30

எல்லாரும் பயமுறுத்தாதீங்கப்பா. எங்கப்பாவுக்கு குளோகோமா எட்டு வருஷமா இருக்கு, லேசரும் இல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி படுக்கறப்ப ஒரு சொட்டு அவ்ளோதான், வலின்னு ஒரு நாள் சொன்னதில்ல. ஒரே வியாதிக்கு இவங்களுக்கு மட்டும் எதுக்கு ஓட்டயாம்? அப்புறம் எங்க ஆயா கண்ணு செவந்தா நந்தியாவட்டைப் பூவ கண்ணு மேல வெச்சு கட்டும், ஒரு நைட்டுல செவப்பு போயிடும். அதையும் ட்ரை பண்ணலாமே.

கண்ணாடிக்கடை | புதன், காலை 9.10

எக்ஸ்பிரஸ் அண்ணாத்த, பேர் ஒண்ணு ஆள் வேற. உங்கப்பாவுக்கு இருக்கறது தொறந்த கோண வகை. மூலை நல்லா தொறந்துதான் இருக்கும், சல்லடைக்குள்ளதான் கொஞ்சம் கொஞ்சமா அடைப்பு. வலி கெடையாது, செவப்பு கெடையாது, ஓரப் பார்வைலேர்ந்து திருடன் மாதிரி தின்னுகிட்டே வரும். அதுக்கு சொட்டு மருந்துதான் முதல் வைத்தியம், ஓட்ட போட்டு பிரயோஜனம் இல்ல. எங்க கடைக்கு கண்ணாடி மாத்த வர்றவங்கள்ள எதேச்சையா பிரஷர் பாத்து மாட்டறவங்க நெறய பேரு இந்த வகைதான். சென்னைலயும் சுத்து வட்டாரத்துலயும் வீடு வீடா ஆள் கூட்டி வந்து டெஸ்ட் பண்ண ஒரு பெரிய ஆய்வுல தொறந்த கோண குளோகோமா இருக்கறதா தெரிஞ்சவங்கள்ள பத்துல ஒன்பது பேருக்கு மேல தனக்கு இருக்கறதே அதுவரைக்கும் தெரியாது. வலிச்சாத்தானே தெரியும். (உங்களுக்கு 40 ஆச்சா? அப்பாவுக்கு இருக்குல்ல, நீங்களும் போயி காட்டுங்க.)

நந்தியாவட்டை வெச்சா குளுகுளுன்னு இருக்கும், வேணாங்கல. ஆனா 54ல இருக்கற கண்ணுக்கு பூ கட்டிட்டு விடியற வரைக்கும் படுத்தா விடியறப்ப அந்தக் கண்ணு போயே போயிருக்கலாம். மெட்ராஸ் ஐயா இதுவான்னு பாக்க நான் கடைப் பசங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கறது இதுதான்: பூளை தள்ளுதா, காலைல இமை ஒட்டிக்குதா, உறுத்தல் அரிப்பா, வீட்டுல இன்னொருத்தருக்கும் இருக்கா, தொடச்சிட்டு பாத்தா எழுத்து தெளிவா இருக்கா, அப்ப மெட்ராஸ் ஐயா இருக்கலாம். பூளை இல்லாம ஒரே கண்ணு செவந்து, பார்வை மங்கி, அந்தப் பக்கம் தல வலிச்சு, வாந்தியும் வந்தா பேசிகிட்டு நிக்காத, ஆட்டோ புடி. இன்னொண்ணும் உண்டு, டார்ச் அடிச்சா பாப்பா சுருங்கணும், அட்டாக்ல பாப்பா பாதி விரிஞ்சு அப்டியே நிக்கும், அசையாது. மூடுன இமை மேல விரல வெச்சு லேசா தொட்டா நல்ல கண்ணு பழுத்த திராட்ச மாதிரி அமுங்கும், அது கோலிக்குண்டு மாதிரி இருக்கும்.

ஃபார்மசி_பாய் | புதன், மதியம் 2.45

கொருக்குப்பேட்ட பக்கம் மெடிக்கல்ல வேல. வலைக்காரன் ப்ரோ கதய படிச்சப்ப கொஞ்சம் உறுத்துச்சு, நாங்களும் இப்டி குடுத்திருக்கோம், பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்துல "கண்ணு செவந்துருச்சு, அன்னிக்கு குடுத்த அதே டிராப்ஸ்"ன்னு கேப்பாங்க, எடுத்து வெச்சிடுவோம். அதுல பாதி ஸ்டீராய்டு கலந்தது. செவப்பு டக்குனு போயிடும், கஸ்டமருக்கும் குஷி, ஆனா மாசக்கணக்குல அத ஊத்துனா அதுவே பிரஷர் ஏத்தி வேற ஒரு வகை குளோகோமால கொண்டு விடும். எங்க ஓனர் இப்ப சீட்டு இல்லாம குடுக்கறதில்ல. ரெண்டு மூணு கஸ்டமர் கோச்சுகினு எதிர் கடைக்கு போயிட்டாங்க, போவட்டும்.

நான் கேக்க வந்தது வேற. அந்த கிளினிக்குல வயித்து வலிக்கு ஊசின்னு எழுதிருக்கீங்களே, அது டைசைக்ளோமினா? ஏன்னா அது பாப்பாவ விரிக்கற குரூப்பு. அட்டாக்ல இருக்கறவங்களுக்கு அது எரியறதுல எண்ணெய் ஊத்துன கததான்.

வலைக்காரன் | புதன், மாலை 6.20

சீட்ட தேடிப் பாத்தேன், ஆமா ப்ரோ அதே பேருதான். அந்த வாரம் சளின்னு நானே வேற ஜலதோஷ மாத்திர நாலு நாளா வாங்கிக் குடுத்துகினு இருந்தேன். இப்ப இன்னா எதயும் குடுக்கவே கூடாதா? சளி புடிச்சா இன்னா பண்றது?

ஷீலாக்கா உங்க மாமியார் கதய அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. ஆனா ஓட்ட விழுந்த பாய் பத்தி கேட்டப்ப சிரிச்சாங்க.

ஃபார்மசி_பாய் | புதன், இரவு 7.00

ஜலதோஷ மாத்திரலயும் அதே ரகம் மருந்து இருக்கு ப்ரோ, மூக்கு ஒழுகறத நிறுத்தறது, அடைப்பு எடுக்கறது ரெண்டுமே பாப்பாவ விரிக்கும். பஸ்ல வாந்தி வராம இருக்க ஒட்டற பட்டை, மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கற சில பழைய மாத்திர, தலைவலிக்குன்னு தெனம் போடற டோபிரமேட், இதெல்லாமும் லிஸ்ட்ல உண்டு. டோபிரமேட் மட்டும் வேற வழில அடைக்கும், அதுக்கு லேசர் ஓட்ட உதவாது, மருந்த நிறுத்தணும், ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல வரும். அட்டைல "குளோகோமா உள்ளவர்கள் தவிர்க்கவும்"னு போட்டிருக்கறது பெரும்பாலும் குறுகுன கோணம் இருக்கறவங்களுக்கு. எக்ஸ்பிரஸ் அண்ணன் அப்பா மாதிரி தொறந்த கோணக்காரங்க அத படிச்சு பதற வேணாம். ரெண்டு கண்ணுக்கும் லேசர் போட்டு கோணம் தொறந்துகிச்சுன்னு டாக்டர் சொல்லிட்டா உங்கம்மாவுக்கும் பெரும்பாலும் பயம் இல்ல, ஆனா எந்தக் கடைல எது வாங்குனாலும் முதல்ல கண்ணுல இது இருக்குன்னு சொல்லிட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, சொட்டு மருந்து சீட்டுல டிமோலால் இருக்கான்னு பாருங்க. அம்மாவுக்கு வீசிங் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். கண்ணுல ஊத்தறதுதானேன்னு நெனப்பாங்க, தொண்ட வழியா ரத்தத்துல கலந்து மூச்சு இழுக்க வெச்சிடும், நாடித் துடிப்பும் கொறயும்.

பழைய_வண்ணை | புதன், இரவு 9.30

தம்பிகளா, நான் ரிட்டயர்டு ஆளு, ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவன், நடுவுல வந்து ஒரு பழங்கத சொல்லிட்டு போயிட்றேன், கோச்சுக்காதீங்க. எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது. உலகத்துலயே ரொம்ப பழைய கண்ணாஸ்பத்திரிகள்ல அதுவும் ஒண்ணு. நம்ம ஆளுங்க மூக்க சுளிச்சிட்டு போற அதே எடத்துலதான் எலியட்னு ஒரு வெள்ளக்கார டாக்டர், கர்னல், இந்த குளோகோமாவுக்கே கண்ணு ஓரத்துல வெள்ள முழில வட்டமா ஒரு துண்டு வெட்டி எடுத்து தண்ணிய வடிய விடற ஆபரேஷன 1909ல வெளிய சொன்னாரு. ரொம்ப காலம் உலகம் பூரா அத பண்ணாங்க. இன்னிக்கு குளோகோமாவுக்கு பண்ற டிராபெகுலெக்டமி ஆபரேஷன் அதுக்கு பேரப்புள்ள மாதிரிதான். ஓட்ட போடறதுன்னா பயந்துக்கற உங்கம்மாவுக்கு சொல்லுங்க, கண்ணு பிரஷருக்கு ஓட்ட போடற வித்தை நம்ம மெட்ராஸ் சரக்குன்னு.

காசு பிரச்சனன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரில கண் ஓபி இருக்கு, இல்லன்னா எழும்பூர். தண்டையார்பேட்டலேர்ந்து மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறுனா எழும்பூர். என் சம்சாரத்துக்கு காட்ராக்ட் அங்கதான், வெயிட் பண்ணணும், அது உண்மை, காலைல சீக்கிரம் போயிடணும், இட்லி கட்டிகிட்டு போயிடுங்க.

டியூட்டி_நர்ஸ் | வியாழன், காலை 6.15

நைட் டியூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து எழுதறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. கண் வார்டுல பதினாலு வருஷம்.

லேசர் எப்டி இருக்கும்னு உங்கம்மாவுக்கு ஏற்கனவே தெரியும், ஒரு கண்ணுல போட்டாச்சே. ஆனா அன்னிக்கு வலியோட, பயத்தோட இருந்திருப்பாங்க, இந்தக் கண்ணு அத விட ஈசியா இருக்கும், ஏன்னா வீக்கம் இல்ல, திரை மெலிசா தெளிவா தெரியும். பாப்பாவ சுருக்க பைலோகார்பின் சொட்டு அர மணி நேரம் முன்ன போடுவாங்க, அப்ப புருவத்துல லேசா ஒரு இழுப்பு வலி வரும், அது மருந்தால, பயப்பட வேணாம். மரத்துப்போற சொட்டு, அப்புறம் கண்ணுமேல ஜெல் தடவி ஒரு லென்ஸ வெச்சு, தாடைய ஸ்டேண்ட்ல வெக்க சொல்லி லேசர் சுடுவாங்க, சுடறப்பலாம் டிக் டிக்னு சத்தம் வரும். சுண்டி விட்ட மாதிரி இருக்கும். அஞ்சு பத்து நிமிஷ வேல. ஒரு மணி நேரம் உக்கார வெச்சு திரும்ப பிரஷர் பாத்துட்டுதான் அனுப்புவாங்க, சில பேருக்கு லேசருக்கு பின்ன கொஞ்ச நேரம் ஏறும். அன்னிக்கு பூரா மங்கலா இருக்கும், யாரையாவது கூட இட்டுனு போங்க, டூவீலர்ல அவங்கள ஓட்ட விடாதீங்க. ஒரு வாரம் சொட்டு. சில பேருக்கு மட்டும் ஓட்ட வழியா வெளிச்சம் நுழைஞ்சு கோடு மாதிரி தெரியும், பெரும்பாலும் பழகிடும்.

சொட்டு ஊத்தறதுல எல்லாரும் ஒரே தப்பு பண்றாங்க. கண்ண தொறந்து மூணு சொட்டு ஊத்தி கொட்டக் கொட்ட இமைய அடிச்சிக்குவாங்க. ஒரு சொட்டு போதும். கீழ் இமைய இழுத்து பை மாதிரி பண்ணி அதுல விட்டுட்டு கண்ண மூடி, மூக்கோரத்துல இருக்கற முனைய விரலால ரெண்டு நிமிஷம் அமுக்கிக்கணும், அப்ப மருந்து தொண்டைக்கு எறங்காது, ஃபார்மசி தம்பி சொன்ன வீசிங் சமாச்சாரமும் கொறயும். ரெண்டு மருந்துக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க, இல்லன்னா ரெண்டாவது முதல்ல ஊத்துனத கழுவிட்டு போயிடும்.

கண்ணு பிரஷர் எறங்க குடுக்கற டயமாக்ஸ் மாத்திர சாப்பிடறாங்கன்னா விரல் நுனி, உதடெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், ஒன்னுக்கு அடிக்கடி வரும். சல்ஃபா அலர்ஜி, கிட்னில கல்லு இருந்தா முன்னாடியே சொல்லணும். டாக்டர் வேணாம்னு சொல்லலன்னா வாழப்பழம், இளநி குடுங்க.

ஒரு விஷயம் யாரும் சொல்லல. உங்கம்மா கூடப் பொறந்தவங்க எத்தன பேரு? அவங்களுக்கு கோணம் பாத்தீங்களா? கண்ணு அமைப்பு குடும்பத்துல வரும். 50 தாண்டுன பொம்பளைங்க, படிக்கறதுக்கு மட்டும் இல்லாம தூரத்துக்கும் பிளஸ் பவர் கண்ணாடி போட்டவங்க, இவங்களுக்குதான் அதிகம். காசு புடுங்கறாங்கன்னு சொன்ன பெரியம்மாவத்தான் முதல்ல இட்டுனு போகணும் போல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | வியாழன், காலை 8.00

கடைசி லைன் செம க்கா 😂 நான் நேத்து அப்பா சீட்ட எடுத்து பாத்தேன், தொறந்த கோணம்னுதான் எழுதிருக்கு, கண்ணாடிக்கடை சொன்னது ரைட்டு. ஆனா ஒரு டவுட்டு, ராத்திரி ஊத்தற சொட்டு ஃப்ரிஜ்ஜுல வெக்கணுமா? எங்க வீட்டுல ஜன்னல் மேல வெயில்லயே கெடக்குது.

ஃபார்மசி_பாய் | வியாழன், காலை 9.25

லேட்டனோபிராஸ்ட்னா பிரிக்காத பாட்டில் ஃப்ரிஜ்ஜுல, பிரிச்சது வெளிய இருக்கலாம் ஆனா வெயில் படக்கூடாது, ஆறு வாரத்துக்கு மேல ஆனா தூக்கிப் போடுங்க. பிரிச்ச தேதிய பாட்டில் மேல பேனால எழுதுங்க. ஜன்னல்லேர்ந்து மொதல்ல எடுங்கண்ணா.

வலைக்காரன் | சனி, இரவு 9.50

அப்டேட். நேத்து போட்டாச்சு இடது கண்ணுக்கு.

எப்டி ஒத்துக்கினாங்கன்னா, வெள்ளிக்கிழம விடியக்காலைல ஆர்பருக்கு நானும் கூட போனேன். ஏலத்துல ஒரு கூட வவ்வா, மேல இருந்தது நல்லா இருந்துச்சு, அடில கைய விட்டு ஒண்ண எடுத்து கண்ண பாத்துட்டு வேணாம்னு வெச்சிட்டாங்க. வர்ற வழில அவங்களா சொன்னாங்க, "மேல பாத்து வாங்கறவன் ஏமாறுவான்டா, எப்ப வர சொன்னாங்க?"ன்னு. நான் வேற ஒண்ணும் பேசல, நேரா ஆட்டோதான்.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டேன். லென்ஸ் தடிச்சதுதான் காரணம்னா லென்ஸயே எடுத்துட்டா இன்னா? எடுக்கலாமாம், கண்புரை ஆபரேஷன்தான் அது, மெலிசு லென்ஸ் வெச்சதும் மூலை நல்லா தொறந்துடுமாம். 2016ல ஒரு பெரிய ஆய்வுல 50 வயசுக்கு மேல புரையே இல்லாதவங்களுக்கு கூட, பிரஷர் அதிகமா இருந்தா லேசர விட லென்ஸ எடுத்தது நல்ல பலன் குடுத்துச்சாம். அம்மாவுக்கு வலது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு, மூணு மாசம் கழிச்சு கோணத்த திரும்ப பாத்துட்டு முடிவு பண்லாம்னாரு. மூலைல ஏற்கனவே ஒட்டிகினது கொஞ்சம் இருக்காம், அது ஓட்ட போட்டதால பிரியாது, அதனால பிரஷர் செக்கப் ஆயுசுக்கும் உண்டுன்னுட்டாரு. ஓரப் பார்வை எவ்ளோ இருக்குன்னு பாக்கற பீல்ட் டெஸ்ட்டும் எடுத்தாங்க, லைட்டு மின்னறப்பலாம் பட்டன அமுக்கணும், அம்மா நடுவுல தூங்கிட்டாங்க, திரும்ப எடுக்கணும்.

ரெண்டாவது, பெரியம்மா. நர்ஸக்கா சொன்ன மாதிரியே இட்டுனு போனோம். கோணம் குறுகல்தான், ஆனா பிரஷர் 15, ஒட்டல் எதுவும் இல்ல, நரம்பும் நல்லா இருக்கு. அவங்களுக்கு லேசர் இப்ப வேணாம், வருஷா வருஷம் வாங்கன்னாரு. இது எனக்கு குழப்பமா இருக்கு. அம்மாவுக்கு 17, கண்டிப்பா போடணும். பெரியம்மாவுக்கு 15, வேணாமா?

கண்ணாடிக்கடை | சனி, இரவு 10.35

நல்ல டாக்டர், வெச்சுக்குங்க அவர. உங்கம்மாவோட இடது கண்ணுக்கு ஜோடிக் கண்ணுல அட்டாக் வந்தாச்சு, அது தனி கணக்கு. பெரியம்மாவுக்கு வெறும் குறுகல் மட்டும். சீனால குவாங்சோல 889 பேருக்கு ஒரு கண்ணுக்கு லேசர் போட்டு இன்னொன்ன சும்மா விட்டு ஆறு வருஷம் பாத்தாங்க, 2019ல வந்துச்சு. லேசர் போட்ட கண்ணுல பிரச்சன கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சுது, ஆனா போடாத கண்ணுலயே ரொம்ப கொஞ்சம் பேருக்குதான் வந்துச்சு. அதனால குறுகல்னு பாத்த ஒடனே எல்லாருக்கும் சுடறதில்ல இப்ப. ஆனா பெரியம்மா வருஷா வருஷம் வருவாங்களா? வர மாட்டேன்னு அடம் புடிக்கற ஆளு, இல்ல சுகர் இருந்து அடிக்கடி பாப்பா விரிச்சு டெஸ்ட் பண்ண வேண்டிய ஆளுன்னா சொல்லிடுங்க, அப்ப டாக்டர் மாத்தி யோசிப்பாரு. லைட்ட சுத்தி வளையம்னு சொன்னா அன்னிக்கே இட்டுனு போங்க.

தண்டையார்பேட்டை_ஷீலா | ஞாயிறு, காலை 7.40

ரொம்ப சந்தோஷம் தம்பி. மாமியார்கிட்ட சொன்னேன். அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும், அவங்கம்மா கிட்ட கடம்பா கெடச்சா சொல்ல சொல்லுன்னாங்க.

வலைக்காரன் | ஞாயிறு, காலை 11.05

சொல்றேங்க்கா, நாளைக்கே கொண்டாரேன், வீடு எங்கன்னு மெசேஜ் பண்ணுங்க.

நர்ஸக்கா ஒரே ஒரு டவுட்டு. அம்மா தெனம் ஒரு கோலி சோடா குடிக்கற ஆளு. மூணு நாளா சோடா செத்துப் போச்சு, கேஸே இல்ல, ஒரே கசப்புன்னு கடைக்காரங்கிட்ட சண்ட போட்டுகினு இருக்காங்க. நான் குடிச்சேன், நல்லாதான் இருக்கு. அதுவும் கண்ணுக்கு சம்பந்தமா?

டியூட்டி_நர்ஸ் | ஞாயிறு, மதியம் 1.20

அய்யய்யோ பாவம் அந்தக் கடைக்காரரு 😄 டயமாக்ஸ்தாம்பா அது. அந்த மாத்திர சாப்பிட்டா கேஸ் போட்ட எதுவும் நாக்குக்கு அப்டித்தான் தெரியும். மாத்திர நிறுத்துனதும் சோடா உயிரோட வந்துடும். அதுவரைக்கும் மோர் குடிக்க சொல்லுங்க.